நாடா தின்னும் வண்டி

சுமிரா அம்மாவின் கேசட்டைப் போட்டுப் பொத்தானை அழுத்தினேன். வேறொருத்தி பாடினாள்.

முதலில் மேளம். பிறகு ஒரு கோங் மணி. அதன் மேல் ஏறிக்கொண்டு சுந்தா இனத்துப் பெண் ஒருத்தி, கல்யாணப் பந்தலில் ஆட வெட்கப்படும் மாமன்களை எழுப்பிவிடுகிற குரலில் பாட ஆரம்பித்தாள். ஜைப்போங் ஆட்டப்பாட்டு. நல்ல பாட்டுதான், குறை சொல்ல முடியாது. ஆனால் கேசட்டின் மேல் ஒட்டியிருந்த காகிதத்தில் சுமிரா என்று எழுதியிருந்தது. அந்தச் சுமிரா என் எதிரில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"இது நான் இல்லை" என்றார்.

ஜாவாக்காரர்களுக்குக் கோபம் வந்தால் குரல் இறங்கும். எங்கள் பத்தாக் இனத்து ஆட்களுக்கு ஏறும். அவர் சொன்னது பக்கத்தில் இருந்த எனக்கே பாதிதான் கேட்டது. நான் "மருலி" என்று கூப்பிட்டது ப்ளோக் எம் கடைத்தொகுதியின் கீழ்த்தளம் முழுக்கக் கேட்டது. எதிர்க்கடையில் இசைத்தட்டு புரட்டிக்கொண்டிருந்தவர்கள் தலை தூக்கிப் பார்த்தார்கள்.

மருலி என் தம்பி, எங்கள் கேசட் கடையில் கூட்டாளி. நாற்பத்தைந்து வயது. கையில் பொரித்த தோஃபுவோடு வந்தான். டேப்பில் ஓடுவதைக் காதில் வாங்கியதும் மெல்லுவதை நிறுத்தினான்.

"ரெண்டு கேசட்டை ஒண்ணாப் பிரிச்சியாடா?"

"மழை வர்ற மாதிரி இருந்துச்சுக்கா. சீக்கிரம் முடிச்சிடலாம்னு..."

"பிரிச்சியா இல்லையா?"

"சுருள் மாறிப் போச்சு போல."

"போலவா?"

எங்கள் தொழிலில் சட்டம் என்று ஒன்று உண்டென்றால் அது இதுதான்: மேசையில் ஒரு நேரத்தில் ஒரு கேசட்தான் பிரிந்து கிடக்க வேண்டும். ஜகார்த்தாவின் ஈரக்காற்றில் பழைய நாடா எல்லாவற்றிலும் வெள்ளையாகப் பூஞ்சை பிடிக்கும். அந்தக் காலத்துக் கூடுகளுக்குத் திருகாணி கிடையாது, ஒட்டியிருக்கும். கத்தி வைத்துப் பிளந்து, சுருளை எடுத்து, ஸ்பிரிட்டில் துடைத்துக் காயவைத்து, மறுபடி கூட்டுக்குள் வைத்து மூட வேண்டும். எல்லா நாடாவும் ஒரே பழுப்பு. இரண்டைச் சேர்த்துப் பிரித்துப் போட்டால் யார் வயிற்றில் யார் குடல் என்று கடவுளுக்கே தெரியாது. பத்து வயதிலிருந்து கேசட்டோடு புரளுகிறவன் இந்தத் தப்பைச் செய்தால் அவனை என்ன செய்வது?

"அப்போ என்னோடது எங்கே?" என்றார் சுமிரா அம்மா, இன்னும் தாழ்ந்த குரலில்.

மருலி ஜைப்போங் கேசட்டுகள் வைக்கிற பெட்டியைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான்.

"அந்த ஜைப்போங் கேசட்டைக் காலையில எங்கோஸ் அண்ணன் வாங்கிட்டுப் போனாருக்கா."

எங்கோஸ், கெபாயோரானிலிருந்து சிப்புத்தாத்துக்கு வெள்ளை அங்கோட் ஓட்டுகிறவர். எதிரெதிராக இரண்டு பலகை போட்ட சின்ன வேன், கைகாட்டினால் நிற்கும். இப்போது அட்டை தட்டி ஏறுகிற புது வண்டிகள் வந்துவிட்டன. இவருடையது மிச்சமிருக்கிற பழசுகளில் ஒன்று. வண்டியில் கேசட் போடுகிற டேப்தான் இருக்கிறது, அதனால் மாதம் ஒருமுறையாவது எங்கள் கடைக்கு வருவார். எங்களிடம் எதை வாங்கினாலும் ஒரு நிமிடம் ஓட்டிக் கேட்டுவிட்டுத்தான் எடுத்துப்போக வேண்டும், அது கடை வழக்கம். எங்கோஸ் மட்டும் கேட்கமாட்டார். மேலே சாலையில் வண்டி உறுமிக்கொண்டு நிற்கும், போலீஸ்காரர் வருவதற்குள் ஓட வேண்டும்.

அந்தக் கேசட் போனால் என்ன போகும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். சுமிரா அம்மா இன்று கல்யாண வீடுகளுக்குப் பாத்திரமும் நாற்காலியும் வாடகைக்கு விடுகிறவர். முப்பது வருடத்துக்கும் முன்னால் ஒரே ஒரு கேசட் பாடினார். அது கடைகளுக்குப் போகத் தொடங்கியபோதே வெள்ளம் வந்து கம்பெனியின் கிடங்கு மூழ்கியது. மூல நாடா போயிற்று, விற்காத பெட்டிகள் போயின, கொஞ்ச நாளில் கம்பெனியும் போயிற்று. வெகுகாலம் கழித்து, தப்பிப் பிழைத்த ஒரு பிரதியிலிருந்து யாரோ பாட்டுகளை இணையத்தில் ஏற்றினார்கள். பிரேசிலில் கேட்கிறார்கள், ஜப்பானில் கேட்கிறார்கள் என்று இவருடைய மகன் கைபேசியில் எண்ணிக்கையைக் காட்டுவானாம். "எண்ணுக்கு முகம் இல்லையே, ரொத்துவா" என்று ஒருமுறை என்னிடம் சொன்னார். பிறகு எவனோ உரிமை தனக்குத்தான் என்று பொய்ப் புகார் கொடுக்க, ஒருநாள் பாட்டின் பெயரெல்லாம் சாம்பல் நிறமாயிற்று. அழுத்தினால் ஒன்றும் பாடவில்லை. புகார் பொய் என்று ஆன பிறகும் பாட்டு திரும்பி வரவில்லை. ஏற்றியவரிடம் இருந்த பிரதியை அதற்குள் பூஞ்சை தின்றுவிட்டது.

மிச்சம் இருந்தது ஒன்றே ஒன்று. அதை இவர் துணியில் சுற்றி, பிஸ்கட் டின்னில் போட்டு, பீரோவில் பூட்டி வைத்திருந்தார். போட்டால் அறுந்துவிடுமோ என்ற பயத்தில் அவரே கேட்டு முப்பது வருடம் ஆகிறது. பாண்டுங்கில் ஒரு சின்னக் கம்பெனிக்காரர் அதிலிருந்து எடுத்து இசைத்தட்டாகப் போடுகிறேன் என்று வந்தார். பூஞ்சையை எடுத்துத் தரச் சொல்லி டின்னோடு என்னிடம் வந்தபோது எனக்கு எரிச்சல்தான் வந்தது.

"கேசட்டைப் பூட்டி வெச்சா பூஞ்சைதாம்மா பாட்டு கேக்கும். ஓடற நாடாவுல அது பிடிக்காது" என்று சொன்னேன்.

"நான் இல்லாம ஓட்டக் கூடாது" என்பது மட்டும்தான் அவர் போட்ட நிபந்தனை. அதனால்தான் துடைத்த பிறகு நாங்கள் யாரும் அதை ஓட்டிப் பார்க்கவில்லை. அன்று மாலை பாண்டுங்காரர் வந்து வாங்கிக்கொள்வதாக ஏற்பாடு. நல்ல பாத்திக் கைலி கட்டி, உதட்டுக்குச் சாயம் பூசி, முன்கூட்டியே கேட்டுவிட வந்திருந்தார். வந்த இடத்தில் ஜைப்போங்.

"நீ கடையில இரு" என்று மருலியிடம் சொன்னேன். "பாண்டுங்காரர் வந்தா காப்பி குடு, கதை குடு, உன் தோலை உரிச்சுக்கூடக் குடு. போக விடாதே."

இரண்டு மோட்டார் சைக்கிள் டாக்சி பிடித்தோம். நான் ஏறியதும் பின்சக்கரம் ஒரு பெருமூச்சு விட்டது. ஓட்டுகிற பையன் கண்ணாடியில் என்னை ஒரு பார்வை பார்த்தான். "ஓட்டு, ஓட்டு. காசு எடைக்கு இல்லை, தூரத்துக்குத்தான்" என்றேன். சுமிரா அம்மா கைலியை ஒதுக்கி, பக்கவாட்டில் உட்கார்ந்து, தலைக்கவசத்தைச் சரிசெய்துகொண்டார். திட்டியிருந்தால் தேவலை.

கெபாயோரான் சந்தை வாசலில் அங்கோட் டிரைவர்கள் சீட்டாடிக்கொண்டிருந்தார்கள்.

"எங்கோஸா? இப்பத்தான் போறான்" என்றான் ஒருவன்.

"கேசட் ஓடுதா வண்டியில?"

"ஓடுதே. கிளம்பறப்பதான் போட்டான். ஜைப்போங்னு வாங்கினானாம், உள்ளே யாரோ அழுதுட்டிருக்கா. நாங்க சிரிச்ச சிரிப்பில அவன் கோவிச்சுட்டுக் கிளம்பிட்டான்."

சுமிரா அம்மா என் பக்கம் திரும்பவில்லை. தன் வண்டியை ஓட்டுகிற பையனின் தோளைத் தட்டி, போகச் சொன்னார்.

ஜகார்த்தா சாலையை நான் திட்டாத நாள் கிடையாது. அன்று மட்டும் கும்பிட்டேன். பொண்டோக் பினாங் தாண்டுவதற்குள் நெரிசல், எங்கோஸின் வண்டி நடுவில் மாட்டிக்கொண்டு நின்றது. திறந்த கதவு வழியாகக் குரல் வந்தது. ஒல்லியான, நெஞ்சிலிருந்து வருகிற, கொஞ்சம் மூக்கடைத்த குரல். நான் இறங்கி ஓடினேன். திரும்பிப் பார்த்தால் சுமிரா அம்மா இறங்கிய இடத்திலேயே, சாலை நடுவில் நிற்கிறார். பின்னால் ஹார்ன் அடிக்கிறார்கள். அவர் காலை எடுக்கவில்லை. ஓடிப்போய்க் கையைப் பிடித்து இழுத்து வந்து வண்டியில் ஏற்றினேன்.

உள்ளே ஒரு கீரைக்காரி, காலடியில் கட்டுக் கட்டாகக் கீரை. பள்ளிச் சீருடையில் இரண்டு பெண்கள். அலுவலகச் சட்டை போட்ட ஒருவர், காதில் சின்ன வெள்ளைக் கருவி. முன்சீட்டு காலியாக இருந்தது. சுமிரா அம்மாவைப் பின்னால் உட்காரவைத்துவிட்டு நான் முன்னால் போய் ஏறினேன். ஏறியதும் டேப்பின் பொத்தானுக்குக் கை நீட்டினேன்.

எங்கோஸ் என் கையில் ஓங்கி ஒன்று போட்டார்.

"தொடாதக்கா. நடுவுல நிறுத்தினா தின்னுடும்."

"என்னது?"

"பெல்ட்டு போச்சு. தானா முடிஞ்சு வெளிய வந்தாத்தான் உண்டு. பொத்தானை அழுத்தினா சுருட்டற பக்கம் நின்னுடும், உருளை நிக்காது. நாடாவை இழுத்து உள்ளே சுத்திக்கும். போன மாசம் ரெண்டைத் தின்னுச்சு."

எனக்குத் தெரியும் அந்த வியாதி. அவர் பொய் சொல்லவில்லை. அப்படித் தின்னப்பட்ட நாடாக்கள் எங்கள் கடைக்குச் சேமியா மாதிரி கசங்கி வரும். பாதியை வெட்டித்தான் எறிவோம்.

"அண்ணே, இது ஜைப்போங் இல்லை."

"அது எனக்கும் தெரியுது. உங்களைத் திட்டத்தான் இருந்தேன். அப்புறம் ரெண்டாவது பாட்டு வந்துச்சு, சரி ஓடட்டும்னு விட்டுட்டேன். யாரு இது?"

நான் பின்பக்கம் கண்ணைக் காட்டினேன். குனிந்து, மெதுவாக, எல்லாவற்றையும் சொன்னேன். உலகத்தில் இருப்பது இது ஒன்றுதான் என்றும் சொன்னேன். எங்கோஸின் வாயிலிருந்த கிராம்பு சிகரெட்டின் சாம்பல் நீண்டு, அவர் மடியிலேயே விழுந்தது.

"இது எத்தனாவது பாட்டு?" என்று கேட்டார்.

"மூணாவது" என்றார் சுமிரா அம்மா பின்னாலிருந்து. "இந்தப் பக்கம் அஞ்சு."

"அப்போ சரி. ஓடி முடியட்டும். வண்டி ஓடற வரைக்கும் பயமில்லை."

"வண்டி நின்னா?"

"பேட்டரி செத்துக் கிடக்குக்கா. காலையில நாலு பேர் தள்ளி விடுவாங்க, ராத்திரிதான் அணைப்பேன். எஞ்சின் நின்னா டேப்புக்குக் கரண்டு போயிடும். அதுவும் தின்னற கணக்குதான்."

சொல்லிவிட்டு அவர் கண் கீழே போனது. நானும் பார்த்தேன். பெட்ரோல் முள் சிவப்புக்கும் கீழே படுத்திருந்தது.

முன்னால் நெரிசல் ஒரு வண்டி நீளம் நகர்ந்தது, நின்றது. பெட்ரோல் பங்க்குக்குள் போனால் எஞ்சினை அணைக்கச் சொல்வார்கள். வெளியே நின்றால் தீர்ந்துபோகும். எங்கோஸ் காற்றாடியை அணைத்தார், விளக்கை அணைத்தார், பெட்ரோல் மிச்சமாகும் என்று. அது மிச்சமாகாது என்று எனக்கும் தெரியும் அவருக்கும் தெரியும்.

பின்னால் கீரைக்காரி காதைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். நான்காவது பாட்டு ஆரம்பித்திருந்தது. கொடியில் காயப்போட்ட துணியை மழை நனைக்க, எடுக்க மனமில்லாமல் வாசலில் நிற்கிறவளின் பாட்டு.

"நல்லாத்தான் பாடறா. ஆனா இந்தப் பொம்பளைக்கு மூக்கடைப்பு போல" என்றாள்.

"காய்ச்சல்" என்றார் சுமிரா அம்மா.

"யாருக்கு?"

"பாடினவளுக்கு. ஸ்டூடியோவை ஒருநாளுக்குத்தான் எடுத்திருந்தாங்க, தள்ளிப்போட முடியலை. இந்தப் பாட்டு முடிஞ்சதும் மயங்கி விழுந்துட்டா."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"மூஞ்சியில தண்ணி தெளிச்சாங்க. போட்டிருந்த சட்டையெல்லாம் நனைஞ்சு போச்சு."

கீரைக்காரி சுமிரா அம்மாவின் வாயைப் பார்த்தாள். பிறகு டேப்பைப் பார்த்தாள். மறுபடியும் வாயைப் பார்த்தாள். பள்ளிப் பெண்களில் ஒருத்தி மற்றவளை முழங்கையால் இடித்தாள். சட்டைக்காரர் ஒரு காதிலிருந்து கருவியை எடுத்தார். கைபேசியை டேப் பக்கம் நீட்டி, பாட்டு என்ன என்று கண்டுபிடிக்கச் சொன்னார். அது கொஞ்ச நேரம் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, இப்படி ஒரு பாட்டு இல்லை என்றது. அவர் அதைப் பையில் போட்டுவிட்டு மற்ற காதிலிருந்த கருவியையும் எடுத்தார்.

அப்போது எஞ்சின் இருமியது.

ஒருமுறை. பிறகு இன்னொருமுறை. டேப்பின் சிவப்பு விளக்கு மங்கி எழுந்தது, பாடுகிறவள் ஒரு கணம் தண்ணீருக்குள் போய் மேலே வந்தாள். எங்கோஸ் ஆக்சிலேட்டரை மிதித்துப் பிடித்துக்கொண்டு, நடைபாதை மேல் ஒரு சக்கரத்தை ஏற்றி, ஹார்ன் அடித்துக்கொண்டே ஓரத்துக்கு வந்தார். அங்கே ஒரு கடைக்காரர் பாட்டிலில் பெட்ரோல் வைத்து விற்றுக்கொண்டிருந்தார்.

"ரெண்டு பாட்டில். சீக்கிரம்" என்றார் எங்கோஸ்.

"எஞ்சினை அணை."

"அணைக்க முடியாது."

"அப்போ ஊத்த முடியாது. நான் சாகணுமா? எனக்குப் பேத்தி பொறந்து மூணு நாளுதான் ஆகுது."

நான் இறங்கினேன். எனக்குக் கோபம் வந்தால் நியாயம் பேசத் தெரியாது. அவர் கையிலிருந்த புனலைப் பிடுங்கினேன். "நீங்க தள்ளி நில்லுங்க. செத்தா நான் சாகறேன், உங்க பேத்திக்கு நானே பேர் வெச்சுட்டுச் சாகறேன்" என்றேன். சட்டைக்காரர் இறங்கி வந்து எங்கோஸின் வாயிலிருந்த சிகரெட்டை எடுத்து, காலால் மிதித்து அணைத்தார். பள்ளிப் பெண்கள் இறங்கித் தூரமாகப் போய் நின்றார்கள். கீரைக்காரி இறங்கி, கீரைக்கட்டையும் இறக்கிக்கொண்டாள்.

"அம்மா, நீங்களும் இறங்குங்க" என்றேன்.

சுமிரா அம்மா தலையை மட்டும் அசைத்தார். இரண்டு பலகைக்கும் நடுவில் தனியாக, முன்னால் சாய்ந்து, டேப்பையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

நான் ஊற்ற ஊற்ற, எஞ்சின் அதிர்கிற அதிர்வில் புனல் ஆடியது. பாதி பாட்டில் உள்ளே போயிற்று, கொஞ்சம் என் செருப்பில் கொட்டியது. மூக்கில் பெட்ரோல் நாற்றம். எங்கோஸ் பிரேக்கில் ஒரு காலும் ஆக்சிலேட்டரில் ஒரு காலுமாக, பல்லைக் கடித்துக்கொண்டு எனக்குத் தெரிந்த எல்லாத் தெய்வத்தையும் எனக்குத் தெரியாத சிலதையும் கூப்பிட்டார். இரண்டாவது பாட்டிலும் உள்ளே போன பிறகு எஞ்சின் இருமுவதை நிறுத்தியது. கடைக்காரர் இவ்வளவு நேரமும் கையில் மணல் வாளியோடு நின்றிருந்தார்.

எல்லோரும் ஏறினார்கள். இறங்க வேண்டிய இடம் வந்துவிட்டது என்று யாரும் சொல்லவில்லை.

ஐந்தாவது பாட்டு. கித்தார் ஒன்று மட்டும், அதற்கு மேல் அவர் குரல். இரண்டு வரி நன்றாகப் போயிற்று. மூன்றாவது வரியில் குரல் வளைந்தது. இந்த முறை எஞ்சின் காரணமில்லை, அது சீராக ஓடிக்கொண்டிருந்தது. குரல் இழுபட்டு, கீழே இறங்கி, மேலே ஏறி, போதை ஏறியவன் நடப்பது போல நடந்தது. தின்பதற்கு முன் டேப் இப்படித்தான் பண்ணும்.

"ஐயோ" என்றார் எங்கோஸ்.

"சிகரெட் டப்பா எங்கே?"

சட்டைப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். மூடியைக் கிழித்தேன். இரண்டாக மடித்தேன், நான்காக மடித்தேன். நாடா உருளையில் கோணலாக ஏறும்போது கேசட்டுக்கு அடியில் அட்டை செருகிக் கொஞ்சம் தூக்கிக் கொடுத்தால் நேராகும், சில சமயம். மேலே கொஞ்சம் அழுத்தம் அதிகமானால் அதுவே உள்ளே சிக்கவும் வைக்கும், சில சமயம். விரலால் கேசட்டின் விளிம்பைத் தடவி இடம் பார்த்தேன். வண்டி ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது.

"மெதுவாப் போய்யா."

"பள்ளத்தை நானா தோண்டினேன்?"

அட்டையைச் செருகினேன். குரல் இன்னும் கீழே போயிற்று. ஒரு முடியளவு வெளியே இழுத்தேன். குரல் தடுக்கி, நின்று, நிமிர்ந்தது. பிறகு நேராக நடந்தது.

நான் விரலை எடுக்கவில்லை. விரலை அப்படியே வைத்துக்கொண்டுதான் திரும்பிப் பார்த்தேன். யாரும் என்னைப் பார்க்கவில்லை, எல்லோரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். சட்டைக்காரர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பள்ளிப் பெண்களில் ஒருத்தி மற்றவளின் தோளில் சாய்ந்திருந்தாள். கீரைக்காரியின் வாய், தெரியாத வார்த்தைகளைப் பின்னாலேயே தேடித் தேடி அசைந்தது. சுமிரா அம்மா ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு வந்தார். ஒரு முகத்தில் நிற்பார், பிறகு அடுத்ததுக்குப் போவார். சோறு பரிமாறிவிட்டு, யார் என்ன சாப்பிடுகிறார்கள் என்று பந்தியைப் பார்க்கிறவள் பார்க்கிற மாதிரி. அந்த முகத்தைப் பார்த்த பிறகு எனக்கு மருலி மேல் இருந்த கோபம் கொஞ்சம் கரைந்தது என்றால் அது உண்மை.

கித்தார் ஓய்ந்தது. கொஞ்ச நேரம் வெறும் இரைச்சல். பிறகு டக்கென்று ஒரு சத்தம், கேசட் பாதி வெளியே வந்து நின்றது.

இழுத்தெடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். ஒரு மடிப்பு இல்லை, ஒரு கசங்கல் இல்லை. எனக்கு அழுகை வந்தது, அழுதேன். எங்கோஸ் ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டார். பின்னால் வந்தவன் ஹார்ன் அடித்தான்.

கைபேசி அடித்தது. மருலி.

"அக்கா, பாண்டுங்காரர் வந்துட்டாரு. கெடைச்சுதான்னு கேக்கறாரு."

"கெடைச்சிடுச்சு. முழுசா இருக்கு. வந்துட்டே இருக்கோம்னு சொல்லு."

கேசட்டைச் சுமிரா அம்மாவிடம் நீட்டினேன். அவர் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

"மறுபக்கம் பாட்டு இல்லையா?" என்று கேட்டாள் கீரைக்காரி.

"நாலு இருக்கு" என்றார் சுமிரா அம்மா.

"வேணாம்மா" என்றார் எங்கோஸ் உடனே. "ஒரு தடவை தப்பிச்சது உங்க புண்ணியம். இன்னொரு தடவைக்கு என் டேப்பை நானே நம்பமாட்டேன்."

சுமிரா அம்மா சுண்டுவிரலைக் கேசட்டின் ஓட்டையில் விட்டு, தளர்ந்திருந்த நாடாவைச் சுற்றி இறுக்கினார். மடியில் கைப்பை திறந்திருந்தது, அதற்குள் பிஸ்கட் டின். உள்ளே போடப்போகிறார் என்று நினைத்தேன். டின்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு பையின் வாயை இழுத்து மூடினார்.

"தம்பி, இதுல எந்தப் பக்கம் மேல வரணும்?" என்று எங்கோஸைக் கேட்டார்.

"அம்மா" என்றேன். "பாண்டுங்காரர் கடையில உக்காந்திருக்கார்."

"உக்காரட்டும். மருலியை இன்னொரு காப்பி வாங்கித் தரச் சொல்லு."

"தின்னுட்டா?"

அவர் என்னைப் பார்த்தார். குரல் இறங்கவில்லை. கடைக்கு வந்ததிலிருந்து முதல்முறையாக அது சாதாரணமாக இருந்தது.

"பூட்டி வெச்ச முப்பது வருஷமும் எது பாட்டு கேட்டுச்சுன்னு நீதானே சொன்னே, ரொத்துவா."

எழுந்து, முன்சீட்டின் முதுகைப் பிடித்துக்கொண்டு, என் தோளுக்கு மேல் கை நீட்டி, அவரே உள்ளே தள்ளினார். டேப் அதை விழுங்கியது. எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தக் கையைத் தட்டிவிட்டிருக்கலாம். பொத்தானை அழுத்தியிருக்கலாம், ஆனால் அழுத்தினால் தின்றுவிடும். சிகரெட் டப்பாவில் மிச்சமிருந்த அட்டையைக் கிழித்து மடித்துக் கையில் தயாராக வைத்துக்கொண்டேன். முள்ளைப் பார்த்தேன்.

"அண்ணே, அடுத்த பெட்ரோல் கடை எவ்வளவு தூரம்?"

"கொஞ்ச நேரம் பேசாம இரும்மா" என்றாள் கீரைக்காரி. "பாட்டு வருது."